அணி வேண்டாம், நேரடியாக எழுதினால் போதும் என்பவருக்கு

வாசகர் கேள்வி, பிப்ரவரி 4

கல்லூரியில் ‘ஃபிகர்ஸ் ஆஃப் ஸ்பீச்’ என்று ஒரு பாடம் இருந்தது. சிமிலி, மெட்டஃபர் தாண்டினால் எல்லாம் வாயில் நுழையாத கிரேக்கப் பெயர்கள். பரீட்சை முடிந்ததும் மறந்தாயிற்று. இப்போது வேலைக்காக ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. நல்ல ஆங்கிலம் என்றால் அலங்காரமே இல்லாத ஆங்கிலம், ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லே அப்படித்தான் சொன்னார் என்கிறார்கள். அப்படியானால் இந்த அணிகளை எதற்குப் படிப்பது? உண்மையில் யாராவது இதையெல்லாம் நினைத்துக்கொண்டு எழுதுகிறார்களா?

பிப்ரவரி 4, இரவு

ஆர்வெல் அப்படிச் சொல்லவில்லை. ‘பாலிடிக்ஸ் அண்ட் தி இங்கிலிஷ் லாங்குவேஜ்’ என்று 1946-இல் அவர் எழுதிய கட்டுரையைத்தான் எல்லோரும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். அதன் கடைசியில் சில விதிகள் இருக்கின்றன. முதல் விதி, அச்சில் பார்த்துப் பார்த்துப் பழகிப்போன உவமை உருவகங்களைத் தொடாதே என்பது. பழையதை விடு என்றார். உவமையே வேண்டாம் என்று எங்கே சொன்னார்?

அதே கட்டுரையில், லத்தீன் சொற்கள் மென்பனி மாதிரி உண்மைகளின் மேல் விழுந்து உருவத்தை மூடிவிடுகின்றன என்று எழுதுகிறார். மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாக இருப்பவன் நீளச் சொற்களைத் தேடுவது, கணவாய் மீன் மையைப் பீய்ச்சுவது போல என்கிறார். இரண்டும் அவர் சொந்தச் சரக்கு. இரட்டை எதிர்மறையில் சுற்றி வளைத்து எழுதுகிறவர்கள் மனப்பாடம் செய்ய ஒரு வாக்கியமும் கொடுத்தார்: ‘கறுப்பல்லாததல்லாத நாய் ஒன்று, சிறிதல்லாததல்லாத முயல் ஒன்றை, பச்சையல்லாததல்லாத வயலில் துரத்திக்கொண்டிருந்தது.’ எளிமைக்குப் பிரசாரம் செய்த மனிதருக்கு, அந்தப் பிரசாரத்துக்கே அணி தேவைப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 5

பெயர்ப் பயம் பற்றி. இது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1589-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் ஒரு கவிதையியல் நூல் லண்டனில் வெளிவந்தது. ஜார்ஜ் புட்டன்ஹாம் எழுதியது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். கிரேக்கப் பெயர்களைப் பார்த்து ஆங்கிலேயர்கள் மிரள்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் உள்ளூர்ப் பட்டப்பெயர் வைத்தார். உயர்வு நவிற்சிக்கு ‘உரத்த பொய்யன்’. ஐரனிக்கு ‘உலர்ந்த கேலி’. ஒரே சொல்லை மூச்சுவிடாமல் அடுக்குவதற்கு ‘குக்கூப் பாட்டு’. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றுகூட நிலைக்கவில்லை, கிரேக்கமே ஜெயித்தது.

எங்கள் வகுப்பில் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு அணிக்கும் ஒரே ஒரு எடுத்துக்காட்டு. உருவகம் என்றால் பாலைவனக் கப்பல். டிகிரி முடியும்வரை அதே ஒட்டகம்தான் நடந்துகொண்டிருந்தது.

பிப்ரவரி 7

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சர்ச்சில், 1940 ஜூன் 4, நாடாளுமன்றப் பேச்சு. பிரான்ஸின் டன்கர்க் கரையிலிருந்து சுமார் 3,38,000 வீரர்களைக் கப்பலிலும் படகிலும் மீட்டுக் கொண்டுவந்து முடித்த நாள். ‘வீ ஷல் ஃபைட் ஆன் தி பீச்சஸ்’ என்ற பகுதி எல்லோருக்கும் தெரியும். ஒரே தொடக்கம் திரும்பத் திரும்ப வருவதால் அனஃபரா. பரீட்சையில் இவ்வளவு எழுதினால் முழு மார்க்.

இப்போது ‘நாம் போரிடுவோம்’ என்பதை அழித்துவிட்டு மீதியை மட்டும் வரிசையாகப் படியுங்கள். பிரான்ஸில். கடல்களில். வானத்தில். கடற்கரைகளில். விமானம் இறங்கும் திடல்களில். வயல்களிலும் தெருக்களிலும். மலைகளில்.

வரைபடத்தில் விரல் வைத்து நகர்த்திப் பாருங்கள், பின்வாங்குகிற படையின் பாதை அது. பிரான்ஸ் போயிற்று, கடல் போயிற்று, எதிரி கரையேறிவிட்டான், தெருவுக்கு வந்துவிட்டான், நாம் மலை மேல் ஒண்டிக்கொண்டிருக்கிறோம். செய்தி முழுக்க இழப்பு. ஒவ்வொரு இழப்புக்கும் முன்னால் ‘போரிடுவோம்’ வந்து நிற்பதால், கேட்கிறவனுக்குக் காலடி முன்னால் போவது போல இருக்கிறது. அலங்காரம் என்றால் கழற்றி வைத்த பிறகும் பொருள் அப்படியே இருக்க வேண்டும் இல்லையா? இங்கே கழற்றினால் தோல்விப் பட்டியல் ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது.

அவர் ஏமாற்றினார் என்று சொல்லவரவில்லை. ஆட்களை மீட்டு வருவதால் போரில் வெற்றி கிடைத்துவிடாது என்று அதே பேச்சில் முன்பே சொல்லிவிட்டுத்தான் இதற்கு வருகிறார்.

பிப்ரவரி 7, கொஞ்சம் தாமதமாக

மேலே விட்டுப்போனது. ‘ஒருபோதும் சரணடைய மாட்டோம்’ என்ற இடத்தில் அந்த வாக்கியம் முடிவதே இல்லை. அப்படியே இந்தத் தீவு அடிமைப்பட்டுப் பட்டினி கிடந்தாலும், கடல் கடந்த நம் பேரரசு போரைத் தொடரும், கடவுள் சித்தப்படி ஒரு நாள் புதிய உலகம் வந்து பழையதை மீட்கும் என்று நீண்டுகொண்டே போய் அமெரிக்காவில் முடிகிறது. (அந்தப் பேரரசில் நம் தாத்தாக்களும் அடக்கம். அவர்களை யாரும் கேட்கவில்லை.) மேற்கோள் காட்டுகிற எவரும் அந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. ‘சரண்டர்’ என்ற இடத்திலேயே காதுக்கு வாக்கியம் முடிந்துவிடுகிறது.

இன்னொன்று. அன்று அந்தக் குரலை மக்கள் வானொலியில் கேட்கவில்லை. பிபிசியில் செய்தி வாசிப்பவர் சில பகுதிகளைப் படித்தார், அவ்வளவுதான். நாம் இன்று கேட்கும் ஒலிப்பதிவை சர்ச்சில் 1949-இல் பேசிக் கொடுத்தார்.

பிப்ரவரி 8

காது வாக்கியத்தை வெட்டுகிறது என்றேன். அதற்கு இதைவிட நல்ல சாட்சி, மூன்று வாரம் முந்தைய பேச்சு. மே 13, பிரதமராக முதல் உரை. தன்னிடம் கொடுக்க இருப்பவை ‘பிளட், டாயில், டியர்ஸ் அண்ட் ஸ்வெட்’ என்றார். இரத்தம், உழைப்பு, கண்ணீர், வியர்வை: நான்கு. உலகம் ஞாபகம் வைத்திருப்பது ‘பிளட், ஸ்வெட் அண்ட் டியர்ஸ்’. மூன்று. உழைப்பைத் தூக்கிவிட்டு, வரிசையையும் மாற்றிக்கொண்டது. உழைப்பும் வியர்வையும் ஏறக்குறைய ஒன்றுதானே, இரண்டு எதற்கு என்று காது தானாகவே எடிட் செய்துவிட்டது. அவருடைய பேச்சுத் தொகுப்பின் அமெரிக்கப் பதிப்பே 1941-இல் அந்த மூன்று சொல் தலைப்போடுதான் வந்தது.

பிப்ரவரி 8, மாலை

‘இதெல்லாம் பேச்சு, கேள்வி எழுத்தைப் பற்றியது’ என்று ஒருவர் தனிச்செய்தியில் சொல்கிறார். நியாயம். எழுத்தில் டிக்கன்ஸ். ‘பிக்விக் பேப்பர்ஸ்’ கதையில் சீட்டாட்டத்தில் தோற்ற மிஸ் போலோ என்ற பெண்மணி, கண்ணீர் வெள்ளத்திலும் ஒரு மூடு பல்லக்கிலுமாக வீடு போய்ச் சேர்கிறார். ஒரே வினை, இரண்டு பொருந்தாத துணைகள். அந்தப் பெண்மணியின் அழுகை எவ்வளவு பெரிய நாடகம் என்று தனியாக ஒரு வரி எழுதத் தேவையில்லை, பல்லக்கு சொல்லிவிடுகிறது.

பிப்ரவரி 11

சர்ச்சிலின் நான்கு சொல் மூன்றானதைச் சொன்னதும் என் பிழைப்பு ஞாபகம் வந்தது. கம்பெனிகளின் ஆண்டறிக்கைக்குத் தலைவர் முன்னுரை எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. சொல்ல இரண்டு விஷயம் இருக்கும். கடன் குறைந்தது, புதிய ஆலை ஓட ஆரம்பித்தது. வரைவு திரும்பி வரும்போது மூன்றாவதாக ஒன்று சிவப்பு மையில் ஏறியிருக்கும்: ‘அண்ட் எக்ஸலன்ஸ்’. எதில் எக்ஸலன்ஸ் என்று கேட்டால், ‘சார், ரெண்டோட நிறுத்தினா மொட்டையா இருக்கு’ என்பார்கள். அந்த மொட்டை உணர்வு உண்மையானது, எனக்கும் வரும். ஆனால் முதல் இரண்டையும் ஆடிட்டரிடம் காட்டலாம். மூன்றாவது வெறும் காற்று.

எனவே ஆர்வெல்லைச் சாட்சிக்கு அழைத்தவர்களின் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. அவர்கள் வெறுப்பது இந்த மூன்றாவது சொல்லைத்தான் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 12

கென்னடியைக் கொண்டுவாருங்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானே கொண்டுவருகிறேன். 1961 ஜனவரி 20, பதவியேற்பு உரை. ‘நாடு உனக்கு என்ன செய்யும் என்று கேட்காதே, நீ நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்று கேள்.’ முன்பாதியின் சொற்களே பின்பாதியில் தலைகீழாக வருகின்றன. கியாஸ்மஸ் குடும்பம். அதே உரையில் இன்னொன்றும் உண்டு: பயந்துகொண்டு பேச்சுவார்த்தைக்குப் போகவேண்டாம், பேச்சுவார்த்தைக்குப் போகப் பயப்படவும் வேண்டாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். பனிப்போர் நடுவில் அதில் ஒரு கொள்கையே இருக்கிறது. மறுக்க நினைப்பவன் மறுக்கலாம், விவாதிக்கலாம். முதலாவதில் என்ன செய்யவேண்டும் என்பதே இல்லை. வரி கட்டுவதா, படையில் சேர்வதா? வாக்கியம் அவ்வளவு அழகாகத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவதால் கேட்கத் தோன்றுவதில்லை.

பிப்ரவரி 12, பிறகு

ஆர்ம்ஸ்ட்ராங்கும் இதே கதைதான். 1969 ஜூலை, நிலாவில் கால் வைத்ததும் சொன்னது: ‘ஒன் ஸ்மால் ஸ்டெப் ஃபார் மேன், ஒன் ஜயன்ட் லீப் ஃபார் மேன்கைண்ட்.’ ‘ஃபார் எ மேன்’ என்று சொல்லத்தான் நினைத்தார், அதைத்தான் சொன்னதாகவும் நம்பினார். ஒலிப்பதிவில் அந்த ‘எ’ காதில் விழுவதில்லை. அது இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மனிதகுலம்தான். மனிதகுலத்துக்குச் சின்ன அடி, மனிதகுலத்துக்குப் பெரிய பாய்ச்சல் என்று ஆகிவிடும். கோடிக்கணக்கானவர்கள் கேட்டார்கள், புரிந்துகொள்வதில் யாருக்கும் தடங்கல் வரவில்லை. சின்னது-பெரியது, அடி-பாய்ச்சல் என்று முரண் அவ்வளவு கச்சிதமாக நிற்கிறது. விழாத எழுத்தைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

என் கட்சி இப்போது எனக்கே தெளிவாகிறது. அணியில் பாதியைத்தான் எழுதுகிறவன் செய்கிறான். மீதி கேட்பவன் காதில் நடக்கிறது.

பிப்ரவரி 16

மோனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘ஆங்கிலத்தில் அலிட்டரேஷன் வெறும் விளம்பர வித்தை, நம்மிடம்தான் அது இலக்கணம்’ என்று. பழைய ஆங்கிலத்தில் அதுதான் யாப்பே. ‘பேயோவுல்ஃப்’ காப்பியத்தின் ஒவ்வொரு அடியிலும் நான்கு அழுத்தங்கள், நடுவில் ஒரு வெட்டு. மூன்றாவது அழுத்தத்தின் முதல் ஒலிதான் தலைவர். முன்பாதியின் அழுத்தங்களில் ஒன்றாவது அதோடு மோனையில் சேர வேண்டும், இரண்டும் சேர்ந்தாலும் சரி. நான்காவது பொதுவாகச் சேரக் கூடாது. அடியின் கடைசியில் இயைபு (ஒரே மாதிரி ஒலித்து முடிவது) கிடையாது. அந்தப் பழக்கம் லத்தீன், பிரெஞ்சுப் பாட்டுகளின் செல்வாக்கில் பின்னால் வேரூன்றியது.

எனக்குப் புல்லரித்த இடம் வேறு. நம் மோனையில் உயிர் எழுத்துகளுக்கு இனம் உண்டு: அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ இன்னொன்று, உ, ஊ, ஒ, ஓ மூன்றாவது. பழைய ஆங்கிலக்காரன் இன்னும் தாராளம், எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும். மெய்யில் மட்டும் கறார். எஸ்-டி என்று தொடங்கினால் எஸ்-டி-யோடுதான், எஸ்-பி-யோடு சேராது. நாம் அங்கே தாராளம்: சகரத்துக்குத் தகரம், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம் என்று இணைத்துவிடுகிறோம். ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், ஒரு சம்பந்தமும் இல்லை.

பழைய யாப்பு போய்விட்டாலும் மிச்சம் பேச்சில் கிடக்கிறது. கித் அண்ட் கின், ஹவுஸ் அண்ட் ஹோம், மைட் அண்ட் மெயின். இவற்றை யாரும் அணி என்று நினைத்துச் சொல்வதில்லை.

பிப்ரவரி 16, மறுபடி

விளம்பர வித்தையும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். 1970-இல் அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ எதிர்ப்பாளர்களைத் திட்டியது: ‘நாட்டரிங் நேபாப்ஸ் ஆஃப் நெகடிவிசம்’. எழுதிக் கொடுத்தவர் வில்லியம் சஃபைர். தொணதொணக்கும் நவாப்கள். ஆர்க்காடு நவாப் இருந்திருந்தால் மானநஷ்ட வழக்குப் போட்டிருப்பார்.

பிப்ரவரி 17

இல்லை, ஒரே வாக்கியத்தில் ‘பிகாஸ்’ என்ற சொல்லை மூன்று முறை அடுக்கிக் காட்டிய அந்தக் கதையை இங்கே யாரும் சொல்ல வேண்டாம். எல்லோருக்கும் தெரியும்.

பிப்ரவரி 21

‘காது நிரப்பிக்கொள்ளும் என்றால் அது ஆபத்தும் அல்லவா?’ ஆமாம். 1995, அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சன் மீதான கொலை வழக்கு. சாட்சியமாகக் காட்டிய கையுறை அவர் கையில் சரியாக ஏறவில்லை. அவருடைய வழக்கறிஞர் ஜானி காக்ரன் இறுதி வாதத்தில் ஜூரியைப் பார்த்துச் சொன்னது: ‘இஃப் இட் டசன்ட் ஃபிட், யூ மஸ்ட் அக்விட்.’ ஃபிட், அக்விட். தோல் கையுறை சுருங்கியிருக்கலாம், உள்ளே ரப்பர் கையுறை போட்டிருந்தார் என்றெல்லாம் எதிர்த்தரப்பு சொன்னது. அவர்களிடம் இயைபு இல்லை. தீர்ப்பு அந்த ஒரு வரியால் வந்தது என்று சொன்னால் அது மிகை, வழக்கில் வேறு நிறைய ஓட்டைகள் இருந்தன. ஆனால் வழக்கிலிருந்து இன்று ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிற ஒரே சட்ட வாதம் அதுதான்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். மேத்யூ மெக்லோன், ஜெசிகா டோஃபிபக்‌ஷ் என்ற இரண்டு பேர், 2000-இல் வெளியான ஆய்வு. அதிகம் புழங்காத பழமொழிகளை எடுத்து, இயைபோடு ஒரு வடிவம், அதே பொருளில் இயைபு கெட்ட வடிவம் என்று இரண்டையும் காட்டினார்கள். நிதானம் மறைப்பதை மது காட்டிவிடும் என்ற பொருளில் ‘கன்சீல்ஸ், ரிவீல்ஸ்’ என்று ஒத்து ஒலித்தால் மக்கள் கூடுதல் உண்மை என்று மதிப்பிட்டார்கள். ‘கன்சீல்ஸ், அன்மாஸ்க்ஸ்’ என்றால் கொஞ்சம் குறைவு. ஒலி அழகை ஒதுக்கிவிட்டுப் பொருளை மட்டும் பாருங்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது.

எனக்கு முக்கியம் அந்தக் கடைசி வரிதான். அணியின் பெயர் தெரியாவிட்டால் குடி முழுகாது. ஆனால் அடையாளம் தெரிந்தவனிடம் அதன் ஜம்பம் கொஞ்சம் குறைவாகப் பலிக்கிறது.

பிப்ரவரி 22

குட்டிப் பலகாரம் ஒன்று. 1952 அமெரிக்கத் தேர்தலில் ஐசன்ஹோவருக்கான கோஷம்: ஐ லைக் ஐக். (‘ஐக்’ அவருடைய செல்லப்பெயர்.) மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் இதைக் கழற்றிக் காட்டினார். மூன்று ஓரசைச் சொற்கள், மூன்றிலும் ‘ஐ’ ஒலி. ‘லைக்’குக்குள் ‘ஐக்’ ஒளிந்திருக்கிறது: விருப்பத்துக்குள் தலைவர். ‘ஐக்’குக்குள் ‘ஐ’ இருக்கிறது: தலைவருக்குள் நான். ஆங்கில எழுத்தில் எழுதினால் இது பளிச்சென்று தெரிகிறது, தமிழ் எழுத்தில் எழுதினால் ‘லைக்’குக்குள் இருக்கும் ‘ஐக்’கைத் தேட வேண்டும். எழுதியவர்கள் இவ்வளவு யோசித்திருப்பார்களா என்று கேட்காதீர்கள். யோசித்தார்களோ இல்லையோ, அது வேலை செய்தது.

மார்ச் 1

காதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, காது கை விட்ட இடத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கிலேயரின் பெரிய அணி உவமையோ உருவகமோ இல்லை, குறைத்துச் சொல்வது.

முதலில் நன்றாகப் போன சம்பவம். 1982 ஜூன் 24, லண்டனிலிருந்து பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்பதாம் எண் விமானம். ஜாவா அருகே இரவில் எரிமலைச் சாம்பலுக்குள் புகுந்து நான்கு எஞ்சினும் நின்றுவிட்டன. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்கு அறிவித்தார்: நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. மறுபடி ஓடவைக்க எங்களால் ஆன மட்டும் பார்க்கிறோம். நீங்கள் அதிகம் கலவரப்படவில்லை என்று நம்புகிறேன். ‘சின்னப் பிரச்சினை’யும் ‘நான்கு எஞ்சினும்’ அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். உண்மையை அவர் மறைக்கவில்லை, அடுத்த மூச்சிலேயே சொல்லிவிட்டார். தொனி மட்டும், ஓட்டுகிறவன் கை நடுங்கவில்லை என்று சொல்கிறது. எஞ்சின்கள் உயிர் பெற்று, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள்.

மற்றது 1951 ஏப்ரல், கொரியாவில் இம்ஜின் ஆறு. பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சீனப் படைகள் சூழ்ந்துவிட்டன. பிரிகேடியர் பிராடி அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமையைச் சொன்ன விதம் பரவலாகப் பதிவாகியிருக்கிறது: ‘திங்ஸ் ஆர் எ பிட் ஸ்டிக்கி, சார்.’ கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது. பிரிட்டிஷ்காரன் காதில் இதற்கு அர்த்தம், செத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கருக்கு அர்த்தம், சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பட்டாலியனில் பெரும்பாலோர் மாண்டார்கள் அல்லது பிடிபட்டார்கள். வாக்கியத்தைக் குறை சொல்ல முடியாது. தன் ஆட்களிடம் சொல்லியிருந்தால் சரியாகவே போய்ச் சேர்ந்திருக்கும்.

அலுவலக மெயிலில் வெளிநாட்டுக்காரர்களோடு புழங்குகிறவர்கள் இதை ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். லண்டன்காரர் ‘நாட் பேட்’ என்றால் சந்தோஷப்படலாம். ‘இன்ட்ரஸ்டிங்’ என்றால் வரைவைத் திரும்ப எழுத உட்காருங்கள்.

மார்ச் 6

‘இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்களா’ என்ற முதல் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டியிருக்கிறீர்கள். சிலர் நினைத்து, சிலர் பழக்கத்தில். ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டும் செய்தது மார்ட்டின் லூதர் கிங், 1963 ஆகஸ்ட் 28, லிங்கன் நினைவிடம்.

கையில் இருந்த எழுத்துப் பிரதியில் ‘எனக்கொரு கனவு’ இல்லை. பின்னால் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். கிங் காகிதத்தை விட்டுவிட்டுப் பேசினார். புதிதாக முளைத்தது அல்ல. அந்தக் கனவுப் பகுதியை முன்பே வேறு மேடைகளில் பேசியிருந்தார். தேவாலயப் பிரசங்கத்தில் ஊறிய நாக்குக்கு அனஃபரா யோசித்துச் செய்யும் வேலை இல்லை.

எழுதி வைத்துப் பேசியது அதற்கு முன்னால் வரும் செக். சுதந்திரப் பிரகடனம் எழுதியவர்கள் ஒவ்வொரு அமெரிக்கனுக்கும் ஒரு கடன் பத்திரம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கறுப்பின மக்களுக்கு அமெரிக்கா கொடுத்தது செல்லாத செக். கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. நீதி என்ற வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுக்கிறோம், எனவே பணமாக்க வந்திருக்கிறோம். ஒரு உருவகத்தை எடுத்து, நடுவில் வேறு உருவகத்துக்குத் தாவாமல், பத்தி முழுக்க இழுத்துக்கொண்டு போவது கடினமான காரியம். செக் திரும்பி வந்த அவமானத்தை அனுபவித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ. உலகம் கனவை வைத்துக்கொண்டது. எழுதுகிறவனாக நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது செக்கைத்தான்.

மார்ச் 7

உங்கள் வேலை விண்ணப்ப வரைவைப் பார்த்தேன். ‘ஹார்ட்வொர்க்கிங், சின்சியர் அண்ட் பங்க்சுவல்’. முதல் இரண்டையும் எடுத்துவிடுங்கள். பங்க்சுவல் இருக்கட்டும், அதை இன்டர்வியூ அன்றைக்கே அவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது பத்தியில் நீங்கள் பழைய வேலையில் ஸ்டாக் கணக்கைச் சரிசெய்த கதை நன்றாக இருக்கிறது. அதை மேலே கொண்டுபோங்கள்.